பழசும் புதுசும் இருக்கட்டும்

மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த டிடிபி கடைக்குச் சோறு போட்டது கல்யாணப் பத்திரிகைதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அங்கே நான் வைத்ததுதான் சட்டம். பத்திரிகை அமைக்கும் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனில் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை ஓடும். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். டீ வந்தால் முதல் கிளாஸை அவர் என் மேசையில்தான் வைப்பார்.

கலர் வேலைக்குப் புது வெர்ஷன் வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். பாய் அதை வாங்கி, இரண்டு மெஷினிலும் பழசுக்குப் பக்கத்திலேயே போட்டார். நானும் திறந்து பார்த்தேன். மெனுவெல்லாம் இடம் மாறிக் கிடந்தது, எரிச்சலோடு மூடிவிட்டேன். அடுத்த வாரமே அது தெரிந்த ஒரு பெண்ணை பாய் வேலைக்குச் சேர்த்தார்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். என்னை அக்கா என்பாள். அந்தக் கூட்டத்தில் நசுங்கி வந்தும் அவள் தலையில் பூ வாடாது. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கூடுவாஞ்சேரிப் பொண்ணு இல்லியா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்ட கஸ்டமர்கள் உண்டு. முதல் டீ கிளாஸ் அவள் மேசைக்குப் போக ஆரம்பித்தது. வயிறு பற்றி எரிந்தது, வேறென்ன சொல்ல?

எனக்கு மிஞ்சிய ஒரே பிடி பழைய வெர்ஷன். அக்காவுக்கு அடித்த மாதிரியே தங்கைக்கும் பத்திரிகை வேண்டும் என்று கேட்டு வருவார்கள். பெற்றவர்கள் ஒருத்திக்குக் குறைத்துவிட்டார்கள் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே. அந்தப் பழைய ஃபைல்களெல்லாம் நான் பழைய வெர்ஷனில் செய்தவை. அதற்கு மட்டும் பாய் என்னைக் கூப்பிடுவார்.

ஒருநாள் அவர் அவளிடம், "இன்னாத்துக்கும்மா ரெண்டு? மெஷின் ரொம்ப ஸ்லோவா கீது. பழச எடுத்துடு," என்றார். என்னையே எடுக்கச் சொன்னதுபோல இருந்தது. அவளும் "சரி பாய்" என்று தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வண்டலூர் வாத்தியார் ஒருவர் பெரிய பெண்ணின் பத்திரிகையோடு வந்தார். சின்னவளுக்கும் அச்சு அசலாக அதுவே வேண்டும். மணமக்கள் பெயரும் தேதியும் மாறினால் போதும். அவள் என் ஃபைலைப் புது வெர்ஷனில் திறந்து, மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். வாத்தியார் முகம் சுருங்கியது.

"தாய்மாமன் பேர் கீழ இறங்கிடுச்சே! என் மச்சான் இதைப் பார்த்தா மண்டபத்துப் படியே ஏற மாட்டாரும்மா."

பெரியப்பாவுக்கு எதிரே, அதே வரியில் நிற்க வேண்டிய தாய்மாமன், புது வெர்ஷனில் எழுத்து கொஞ்சம் அகலமானதில் இடம் பற்றாமல் சரிந்திருந்தார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கூப்பிட்டதும் எழுந்துபோக வசதியாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

அவள் கூப்பிடவில்லை. சேமிக்காமல் மூடினாள். பக்கத்திலிருந்த பழைய வெர்ஷனில் அதே ஃபைலைத் திறந்தாள். அவள் விரல்கள் நான் போகும் வழியிலேயே, என்னைவிட வேகமாகப் போயின. தாய்மாமன் மறுபடி பெரியப்பாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"பாய், பழசை எடுக்க வேணாம்," என்றாள். "அக்கா செஞ்ச ஃபைல் எல்லாம் அதுலதான் ஒழுங்கா நிக்குது. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்."

"இத எப்பம்மா கத்துகின?"

"அக்கா செய்யறதைப் பார்த்துதான்."

பழைய வெர்ஷன் பிழைத்தது. ஆனால் அதற்காக என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் அந்தக் கடையில் யாருக்கும் இனி இல்லை. திட்டலாம் என்றால், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

டீ வந்தது. பாய் முதல் கிளாஸை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, "அக்கா, நீங்க குடிங்க," என்று என் மேசையில் வைத்தாள். என் முதல் கிளாஸ், அவள் கொடுத்து எனக்குக் கிடைத்தது. குடித்தேன்.