கேரியின் காரில் என் பக்கம்

இந்த நாட்டுக் குளிரைப் பற்றித்தான் ஊரிலிருந்து எல்லாரும் கேட்கிறீர்கள். குளிர் பழகிவிட்டது. காலையில் கார் வானொலியில் மனிதர்கள் கத்துவதுதான் இன்னும் பழகவில்லை. நான் குடியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து தொழிற்சாலைக்கு என்னை ஏற்றிப்போன கேரியும் டொமும் அண்ணன் தம்பி. ஏரிக்கு அப்பால் அமெரிக்காவில் பிறந்து, இங்கே பெண்ணெடுத்துக் குடியேறியவர்கள். கார் கிளம்பியதும் கேரி எல்லைக்கு அப்பாலுள்ள வானொலி நிலையத்துக்குத் திருகுவான். அமெரிக்க ஜனாதிபதியைத் துரத்தவேண்டும் என்று அதில் ஒருவர் முழங்குவார். கேரி தலையாட்டுவான். எல்லாம் பொய் என்று டொம் டாஷ்போர்டில் குத்துவான். பின் இருக்கையில் நான் ஜன்னல் பக்கம் ஒதுங்குவேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் துவக்குத் தூக்கிய வேறு வேறு இயக்கங்களுக்குப் போனார்கள். அவரவர் இயக்கத்துப் பத்திரிகை அவரவர் கையில். முதலில் சத்தம்தான் போட்டார்கள். கடைசியில் அந்த வீட்டுச் சுவரில் இரண்டு படங்களுக்கு மாலை தொங்கியது. அந்நாட்களில் எந்தப் பக்கம் என்று கேட்டவனுக்கு அவன் பக்கத்தையே சொல்லித் தப்பினோம்.

கார்ச் சண்டையைச் சொன்னபோது மனைவிக்கும் அதுதான் தோன்றியது. "உங்களுக்கேன் உந்தச் சண்டை? ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ" என்றாள். அப்படியே செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேரியிடம் நீ சொல்வதே சரி என்றேன். மெஷினடியில் டொமிடமும் அதையே சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை கென்னடி ரோட் சிக்னலில் இருவரும் என்னைச் சாட்சிக்கு இழுத்தார்கள். இவன் என் பக்கம் என்றான் கேரி. இல்லை, என் பக்கம் என்றான் டொம். இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கேரி வானொலியை நிறுத்தினான். அவன் அதை நிறுத்தி நான் கண்டதே இல்லை.

"உண்மையில் நீ என்னதான் நினைக்கிறாய்?" என்று டொம் கேட்டான். குரலில் கோபம்கூட இல்லை. ஆனாலும் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டு சாகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. மறுநாள் என்னை ஏற்றக் கார் வரவில்லை.

இப்போது பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். கேரியின் கார் கடந்து போகிறது. உள்ளே இருவரும் கையை வீசி வாதாடுகிறார்கள். பின்னேரம் ஒன்றாகவே திரும்புவார்கள். பொறாமையாக இருக்கிறது. என் கையில் தமிழ்க் கடையில் எடுத்த வாரப் பத்திரிகை. அதன் பெயர் வெளியே தெரியாதபடி உள்ளே மடித்துப் பிடித்திருக்கிறேன். இங்கே நிற்கும் எவருக்கும் தமிழ் தெரியாது.