பேணிக்குள் இல்லாத விசில்

மலையேறப் போகிறவர்கள் பைக்குள் அடங்குகிற ஒரு சின்னத் தகரப் பேணியில் அவசரச் சாமான்கள் வைத்திருக்க வேண்டும் என்று அலுவலக நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அது புதினமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் கதவுக்குப் பின்னால், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு பை தொங்குகிறது. எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதிகள், சண்டைக் காலத்தில் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டு, மாற்றுச் சட்டை, பிஸ்கட். சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் அம்மா அதைக் கழற்றவில்லை. பிஸ்கட்டை மட்டும் மாற்றுவார். பழையதை எங்கள் தலையில்தான் கட்டுவார்.

என் பேணிக்குப் புறக்கோட்டைக் கடைகளில் சாமான் வாங்கினேன். சின்ன டோர்ச், பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, பிளாஸ்டர், குளுக்கோஸ், ஒரு செம்மஞ்சள் விசில். அம்மா ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார்.

"பொறு பிள்ளை, நான் வடிவா அடுக்கித் தாறன்."

அடுக்குவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. விட்டுவிட்டேன்.

மலையில் பின்னேரம் மூடுபனி இறங்கியது. சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் முன்னால் போனவர்களைக் காணவில்லை. பாதையும் தெரியவில்லை. பேணியைத் திறந்தேன். விசில் இல்லை. அது இருந்த இடத்தில் என் அடையாள அட்டைப் பிரதி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இதைக் காட்டுப்பன்றிக்கா காட்டுவது என்று பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பயம் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் என்னைக் கண்டுபிடித்தபோது குரல் அடைத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் பள்ளம் என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாய்ந்தேன். "ஏன் விசிலை எடுத்தனீங்கள்? அதை ஊதினாத்தானே தேடி வருவினம்!"

"அதுதான் எடுத்தனான்."

அம்மா சுவரிலிருந்த மாமாவின் படத்தைப் பார்த்தார். மாமா அம்மாவின் தம்பி. அந்தப் படத்துக்கு இன்றுவரை மாலை போட அவர் விட்டதில்லை.

"கொட்டாஞ்சேனையில இருக்கேக்க செக்கிங் எண்டு ஆமி வந்தது. தம்பியை அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சனாங்கள். எல்லாம் பாத்திட்டு வெளிக்கிடுற நேரம் அவனுக்கு இருமல் வந்திட்டுது. ஒரே ஒரு இருமல், பிள்ளை."

மாமாவை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அதன் பிறகு விசில் பேச்சை நான் எடுக்கவில்லை.

போன மாதம் மறுபடியும் மலைக்குப் புறப்பட்டேன். அம்மா தானே அந்த விசிலைக் கொண்டுவந்து தந்தார். கழுத்தில் போட நூலும் கோத்திருந்தார்.

"வேலை செய்யுதோ எண்டு ஊதிக் காட்டு."

வாயில் வைத்தேன்.

"பொறு" என்று எழுந்து போனவர், வீட்டு யன்னல்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப ஊது" என்றார்.