நாற்பதுக்காரர்

காலை ஆறரை மணிக்கு ஓட்டுநர் இடது முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். கட்டைவிரல் நகத்தை டயரின் பக்கவாட்டில் வைத்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போவார். மயிரிழை வெடிப்பு ஒன்று நகத்தில் தட்டுப்பட்டால் போதும், அங்கேயே நின்று, வாயால் ஊதி, கண்ணை இடுக்கிப் பார்த்து, "ம்" என்பார். நான்கு சக்கரமும் முடிய இருபது நிமிடம். அதற்கப்புறம்தான் காருக்குத் துடைப்பு, அவருக்கு டீ.

கார் கீழ்வீட்டு என்ஜினீயருடையது. ஓய்வுபெற்ற மனிதர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மனைவியோடு (அவரை நாங்கள் எல்லோரும் 'அம்மா' என்போம்) டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி, திரும்ப வீடு. ஆறு வருடமாக அந்தக் கார் வேறெங்கும் போனதில்லை; அதற்கு முன் பெரும்பாலும் ஷெட்டிலேயே நின்றது. வாங்கி ஒன்பது வருடத்தில் இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வண்டியோடு வந்த கம்பெனி டயர்கள் அப்படியே இருந்தன.

ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயது. ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நாப்பது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டும்போது வேகமுள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பின்னால் ஹார்ன் அடித்து உயிரை வாங்குகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வழிவிடுவார். "போங்க சாமி போங்க. முன்னாடி போய் எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க!"

டயாலிசிஸ் நான்கு மணி நேரம். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கிற கார்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார். டயரின் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளில் கடைசியாக நான்கு எண் இருக்கும்: முதல் இரண்டு, செய்த வாரம்; அடுத்த இரண்டு, வருடம். ஒருமுறை கூடப் போன எனக்குக் காட்டினார்: "இது மூணு வருஷம். இது அஞ்சு. இவனைப் பாருங்க தம்பி, பதினொண்ணு! பிள்ளைகுட்டியோட வந்து இறங்கியிருக்கான்." இரண்டொரு தடவை வண்டிக்காரர்களிடமே போய்ச் சொல்லிப் பார்த்தார். டயர்க் கடைத் தரகர் என்று நினைத்து விரட்டிவிட்டார்கள்.

நான் மாடியில் குடியிருப்பவன். ஒருநாள் அவர் வாயைக் கிளறினேன். "அண்ணே, டயர் தேயவே இல்லையே, அப்புறம் ஏன் இந்தப் பாடு?"

"தேய்ஞ்சு சாகிறது ஒரு வகை. சும்மா நின்னே சாகிறது இன்னொரு வகை தம்பி. நல்லா ஓடினா நாப்பதாயிரம், அம்பதாயிரம் கிலோமீட்டர் வரும். ஓடாம நின்னா அஞ்சு வருஷம், மிஞ்சினா ஆறு. எது முந்துதோ அதோட கதை முடிஞ்சது. கம்பெனியில போட்டுக் குடுத்தான்கிறதுக்காக அது கல்லாயிடுமா? ரப்பர்தானே."

முன்பு அவர் எப்போதாவதுதான் வாடகைக்குப் போகும் ஒரு காரை ஓட்டியவர். அந்தக் காரிலும் கம்பெனி டயர்தான், புதுசு மாதிரியே இருந்ததாம். எட்டாவது வருடம், தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்சக்கரம் வெடித்தது. இவருக்குத் தாடையில் ஆறு தையல். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்மணி பிழைக்கவில்லை. "கடைசியா என்கிட்ட 'ஏசியைக் கொஞ்சம் குறைங்க'ன்னாங்க. நான் குறைச்சேன்." 

என்ஜினீயரும் லேசுப்பட்டவரில்லை. ஊன்றுகோலோடு இறங்கி வந்து, இரும்பு ஸ்கேலை டயரின் பள்ளத்தில் விட்டு அளந்து காட்டினார். "ஆறு மில்லிமீட்டர். ரெண்டுக்குக் கீழ போனாத்தான் மாத்தணும். நீ நகத்தால அளந்து சொல்றதை நான் ஏன்யா நம்பணும்?" வேறு எதிலும் அவர் கஞ்சத்தனம் பண்ணியதில்லை. பேட்டரி கேட்டால் பேட்டரி, வைப்பர் கேட்டால் வைப்பர். டயரில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ஒருநாள் உண்மை வெளியே வந்தது. "அஞ்சு வருஷம் உழைக்கிற சாமானை நான் எதுக்குய்யா வாங்கறது? நான் இருக்கற வரைக்கும் இது தாங்கும். அப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க."

ஓட்டுநர் துடைப்புத் துணியை மடித்து வைத்துவிட்டுப் படியேறினார். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார். "சார் கிளம்பறதுக்குத் தயாரா இருக்கார், சரி. அம்மா தயாரா? நான் தயாரா? மூணு பேரும் ஒரே வண்டியிலதானே தம்பி உட்கார்ந்திருக்கோம்?"

அந்த வாரமே சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றார். பதிலுக்கு வந்த ஆள் எண்பதில் ஓட்டினான், ஒன்றும் ஆகவில்லை. என்ஜினீயருக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் அம்மாவுக்குப் பயம் தாங்கவில்லை. பழைய ஓட்டுநரின் வீட்டுக்கே போய் அவரைக் கூட்டிவந்தார். "நீ மெதுவாவே ஓட்டுப்பா. எனக்கு அதுதான் வேணும்." மறுநாள் ஆறரைக்கு நகம் பழைய இடத்தில் இருந்தது.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்ஜினீயருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த ஓட்டுநரை வரவழைத்து, நானும் அவருமாகத் தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தோம். அம்மா கணவரின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு கிலோமீட்டர். சாலை காலியாகக் கிடந்தது. முள் நாற்பதுக்கு வந்து நின்றது.

"வேகமாப் போப்பா," என்றார் அம்மா. பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்பா, வேகமாப் போ!"

"அண்ணே, போங்க!" என்று நானும் கத்தினேன். அவருடைய பெரிய கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன, தாடைத் தழும்பு வெளுத்திருந்தது. ஒரு தடவை முள் ஐம்பதுக்கு ஏறியதைப் பார்த்தேன். வலதுகால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழும்பியது. முள் மறுபடி நாற்பதுக்கு இறங்கியது. "இதுக்கு மேல முடியலம்மா," என்றார். அழுதுகொண்டே ஓட்டினார். எனக்கு அவரைப் பிடித்துக் கீழே தள்ளலாம் போலிருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பதினெட்டு நிமிடம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே மூச்சு நின்றிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்," என்றார். எல்லா டாக்டர்களும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. அம்மாவுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஓட்டுநருக்கு விழுந்தது.

அம்மா அவரை ஒரு சொல் கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "டயர் எல்லாத்தையும் மாத்திடு," என்று மட்டும் சொன்னார். மன்னித்துச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று ஓட்டுநர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. கடைக்குத் துணைக்கு வரச் சொன்னார், போனேன்.

டயர்க்கடைக்காரர் நான்கையும் கழற்றிப் போட்டார். ஒன்றைத் தூக்கி, உள்பக்கம் உள்ளங்கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினார்.

"நல்லாத்தானே இருக்கு! இதை ஏன் மாத்தறீங்க?"

"ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார் ஓட்டுநர்.

"ஆகட்டுமே. வெயில் படாம வச்சிருந்திருக்கீங்க. வெளியில இருக்கிறது மேல்வெடிப்பு."

"எம்பதுல போயிருந்தா?"

"எம்பது என்ன, நூறுல போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. இங்கேயே விட்டுட்டுப் போங்க, பழசு கேட்டு ஆள் வரும்."

ஓட்டுநர் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்க வழியில்லை, வியாபாரம் பேசினார். இதை நான் ஓட்டுநரிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஓட்டுநர் மேஜைமேல் கிடந்த ரப்பர் அறுக்கும் கத்தியை எடுத்தார். முதல் டயரைப் படுக்கவைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் குத்தினார். கத்தி லேசில் இறங்கவில்லை. உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து இறக்கி, ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தார். "யோவ், என்னய்யா பண்றே!" என்று கடைக்காரர் ஓடிவந்தார். அவர் நிமிரவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கை வழுக்கி ரத்தம் வந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், டிக்கியைத் திறந்து, ஒன்பது வருடமாகத் தரையையே தொடாத ஸ்டெப்னிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, படுக்கவைத்து, அதன்மேலும் முழங்காலை ஊன்றினார்.