ஷ்வேப்யிதாவில் லாரி ஏறிய மாடு

இன்சீனில் ரயிலை விட்டு இறங்கி, ஷ்வேப்யிதாவில் உறவுக்காரர் வீட்டைத் தேடி நடக்கிறேன். ஊர் முடியும் இடத்தில், புதிதாக வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தருகே ஒரு லாரி நிற்கிறது. சாய்த்து வைத்த பலகையில் ஒரு கறவை மாடு ஏற மறுக்கிறது. டிரைவர் கம்பை ஓங்குகிறார்.

"அடிக்காதே! அடி வாங்கிப் பழகின மாடு இல்ல அது," என்கிறார் மாட்டுக்கார அம்மா. கன்னத்தில், பர்மியப் பெண்கள் பூசுவதுபோல், தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருக்கிறார்.

"அப்ப வெத்தலை பாக்கு வெச்சு அழைங்க, டோ வள்ளி," என்கிறார் டிரைவர், பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

எனக்குக் கூச்சம். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். "ஏன்க்கா விக்கிறீங்க?"

"மேய்ச்ச எடத்துல ஃபாக்டரி வருது, தம்பி. ஒத்தைப் பொம்பளையா மாடுங்களை வெச்சே பொழைச்சேன். ஒருத்தர்கிட்ட கைகட்டி நின்னதில்ல. இதுதான் கடைசி. இனிமே எங்கயாவது வேலை கேட்டுத்தான் போகணும்."

அவரே முன்னால் ஏறி, நாக்கைச் சொடுக்குகிறார். மாடு தயங்காமல் பின்னாலேயே ஏறிவிடுகிறது. கழுத்தைத் தடவிக்கொண்டே கட்டுகிறார். வந்த வழியே இறங்கினால் அதுவும் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பும் என்று, பக்கவாட்டில் தாண்டி, சக்கரத்தில் கால் வைத்து இறங்குகிறார். நான் கை நீட்டுகிறேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

மேலே, அவர் நின்ற இடத்தை மாடு முகர்ந்துகொண்டிருக்கிறது.