இஞ்சின் நின்றபோது நான் பாடிக்கொண்டிருந்தேன்

எனக்கு நல்ல குரல். இதை என் வாயால் சொல்ல ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஆகவே இப்போது யாரும் குறுக்கே வர வேண்டாம்.

சின்ன வகுப்பில் பரிசளிப்பு விழாவுக்குக் கூட்டுப்பாட்டுப் பழக்கிய ரீச்சர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, "நீர் பாட வேண்டாம் பிள்ளை, வாயை மட்டும் அசையும்" என்றார். அசைத்தேன். விழா முடிந்ததும் எல்லாருக்கும் கிடைத்த மாதிரியே எனக்கும் ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது. அதோடு என் தொண்டையிலும் ஒரு பூட்டு விழுந்தது. நாலு பேர் முன்னால் பாட வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். மற்றவர்கள் காணி, வீடு, கனடா என்று ஆசைப்படுவார்கள். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஒரு பாட்டை, ஒரேயொரு பாட்டை, ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பாடிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், கரம்பொன்னில் பிறந்தவள் நான். கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய், இப்போது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அந்த நகரத்தில் எல்லாரும் சத்தம் சத்தம் என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சத்தம்தான் பெரிய உதவி. காலையில் சம்பலுக்குக் கிரைண்டர் ஓடும்போது ஒரு பல்லவி பாடலாம். கடற்கரை ரயில் கீழே தடதடவென்று போகும்போது, அது போய் முடிவதற்குள் எவ்வளவு உச்சிக்கும் போய்விட்டு இறங்கிவிடலாம். குசினிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் பாத்திரம் கழுவி முடியும்வரை கச்சேரிதான். சத்தம் நின்றதும் நானும் நின்றுவிடுவேன். இப்படித் திருட்டுத்தனமாகப் பாடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மாலையானால் என் மனுசன் ரீவியில் செய்தி போடுவார். நான் குசினிக்குள் மெல்லத் தொடங்குவேன். உடனே அவர் சத்தத்தைக் கூட்டுவார். "காது கேளாதோ உங்களுக்கு?" என்று கத்துவேன். அவர் இன்னும் இரண்டு தரம் ரிமோட்டை அழுத்துவார். என் குரல் காதில் விழக்கூடாது என்றுதானே இந்த வேலை? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில் இன்னும் பலமாகப் பாடுவேன். இப்படியே எத்தனையோ வருஷம் போனது.

அவருடைய தங்கை நெடுந்தீவில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தரம் போவோம். குறிகாட்டுவான் துறையில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். படகின் பின்பக்கத்தில் இஞ்சின். எண்ணெய் மணமும் புகையும் அங்கேதான், ஆகவே அந்தப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டார்கள். நான் முதல் ஆளாய் அங்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கிரைண்டர் என்ன, ரயில் என்ன, அந்த இஞ்சினுக்கு முன்னால் எதுவும் நிற்காது. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே கேட்காது. ஒரு மணி நேரமும் நெஞ்சு நிறையப் பாடலாம். மனுசன் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போய் இருந்துவிடுவார். எனக்கும் அதுதான் நல்லது.

போன முறை திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று இதமாக அடித்தது. நான் பழைய சினிமாப் பாட்டொன்றை எடுத்தேன். ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் காதல் பாட்டு. இரண்டு குரலுக்கும் நான்தானே ஆள்? ஆணின் முறை வந்தது. நெஞ்சில் கை வைத்து, குரலைத் தடிப்பாக்கி, காதலியை அழைத்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சின் நின்றுவிட்டது.

கடல் முழுக்க என் குரல் மட்டும். இரண்டு சொல் போனபிறகுதான் எனக்கே உறைத்தது. வாயைப் பொத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ ஓர் ஆட்டுக்குட்டி "மே" என்றது. படகில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. மானம் கப்பலேறிவிட்டது என்பார்களே, அப்படித்தான் இருந்தது. கடலுக்குள் குதிக்கலாம் என்றால் எனக்கு நீந்தவும் தெரியாது.

படகின் அடியில் சுழலும் விசிறியில் வலைத்துண்டொன்று சுற்றிவிட்டதாம். நங்கூரத்தைப் போட்டார்கள். உதவியாள் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.

ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த பெண் என்னைப் பார்த்து, "ஏன் அக்கா நிப்பாட்டிப் போட்டியள்? இஞ்சின்தானே நிண்டது?" என்றாள்.

"எனக்குப் பாட ஏலாது" என்றேன்.

"அப்ப இவ்வளவு நேரமும் பாடினது ஆர், என்ரை ஆட்டுக்குட்டியோ?"

படகே சிரித்தது. அதில் ஏளனம் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு ஏதோ ஒன்று தொண்டையிலிருந்து கழன்றது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து தொடங்கினேன்.

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் நின்றுவிட்டது நடுக்கம். ஐயோ, என் குரலை நானே அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்! இஞ்சினும் இல்லை, ரயிலும் இல்லை. பாதிப் பாட்டில் உதவியாள் மேலே வந்து, வெட்டிய வலையை உள்ளே எறிந்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். படகோட்டி இஞ்சினைத் திரும்ப முடுக்கக் கை வைத்தார்.

"பொறு அண்ணை! பாட்டு முடியட்டும்!"

ஒரு வாய் இல்லை, படகு முழுக்கக் கத்தியது. அவர் கையை எடுத்துவிட்டு, அப்படியே சாய்ந்து இருந்துகொண்டார். கடைசிச் சரணத்தை நான் அவசரப்படாமல் பாடினேன். ஏன் அவசரப்பட வேண்டும்? எனக்காக ஒரு படகு நடுக்கடலில் நிற்கிறது! முடித்தபோது அவர்கள் தட்டிய கைதட்டு இன்னும் காதில் இருக்கிறது. ரீச்சர் எங்கே இருந்தாலும் நல்லாயிருக்கட்டும். என் வாய் அன்றைக்கு அசைந்தது மட்டுமில்லை.

துறையில் இறங்கும்போது ஓட்டி கைகொடுத்தபடி சொன்னார்: "அக்கா, எங்களுக்கு இது புதிசில்லை. திரும்பி வரேக்கை சோளகம் பின்னாலை அடிக்கும். நீங்கள் பாடுறது அப்பிடியே முன்னுக்கு வரும். இஞ்சினுக்குப் பக்கத்திலை நிக்கிற உங்களுக்குத்தான் கேக்காது."

"எத்தினை வரியமாக் கேக்கிறியள்?"

"நீங்கள் வரத் தொடங்கினதிலையிருந்து."

"கோதாரி! ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவர் முன்னால் பையோடு போய்க்கொண்டிருந்த என் மனுசனைக் காட்டினார். "அண்ணைதான் சொன்னவர். ஒருத்தரும் திரும்பிப் பாக்காதேங்கோ, பாத்தால் அவ நிப்பாட்டிப் போடுவா எண்டு."

பஸ்ஸில் அவர் யன்னல் பக்கத்து இருக்கையை எனக்கு விட்டார்.

கொழும்புக்கு வந்த மறுநாள் மாலை நான் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு மெல்லத் தொடங்கினேன். வழக்கம்போல ரீவிச் சத்தம் கூடியது. கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"இஞ்சருங்கோ, அப்ப இந்த ரீவியும் அதுக்குத்தானோ?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சத்தம் இல்லாட்டி நீர் பாட மாட்டீரே."

"நான் நினைச்சன், என்ரை பாட்டுக் கேக்கக்கூடாதெண்டுதான் கூட்டுறியள் எண்டு. செய்தி கேக்கிறதுக்கு இடைஞ்சலெண்டு."

"செய்தியை ஆர் கேட்டது?" என்றார்.

நான் அவருடைய கையிலிருந்து ரிமோட்டை வாங்கி ரீவியை நிப்பாட்டினேன். கிரைண்டர் ஓடவில்லை, குழாய் மூடியிருந்தது, ரயில் வர நேரமிருந்தது. மனுசன் கதிரையைத் தூக்கி என் பக்கம் திருப்பிப் போட்டு அதில் இருந்துகொண்டார். நான் அதே பாட்டை ஆண் குரலிலேயே தொடங்கினேன்.