இருபதில் ஒரு பங்கு வோல்ட்

ஒரு பெண்ணுக்குக் கண் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கோளாறு அவள் கண்ணில் இல்லை, என் கைவேலையில் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

ஆரணியில் எங்கள் தெருவில் இருப்பவள். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள். திரையில் அவள் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் அட்டையில் ஒரு துளையாகி, தறியில் இழையைத் தூக்கும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றாள். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ப்ராசஸரை அதன் அளவுக்கு மேல் ஓடும்படி மாற்றினேன். அந்த வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும்; ஏற்றினேன். சித்திரை வெயிலில் பெட்டி கொதித்தது. வேகத்தைக் குறைக்க மனம் வரவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சூடு தணிய வோல்டேஜை மட்டும் ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு இறக்கினேன். நாள் முழுக்க ஓட்டிச் சோதிக்க வேண்டியதை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடித்துக்கொண்டேன்.

மெஷின் நின்றுபோயிருந்தால் தப்பித்திருப்போம். அது ஓடியது. அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதாமல் எப்போதாவது ஒரு புள்ளியை மட்டும் இடம் மாற்றிச் சேமித்தது. மூன்று புடவைகளில் புட்டாப் பூக்கள் உடைந்து வந்த பிறகு, கண் சரியில்லை என்று தறி முதலாளி அவளுக்கு டிசைன் கொடுப்பதை நிறுத்தினார்.

அவள் என்னிடம்தான் வந்தாள். "நான் வெச்சது வெச்ச மாதிரிதான் கீது சார். நீங்க ஒரு தபா பாருங்க."

பார்த்தேன். ஒரே டிசைனை இரண்டு முறை சேமித்தேன். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அந்த நொடியே புரிந்தது. "கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடும்மா" என்றேன்.

அவள் வேலூர் போய்க் கண்ணாடி வாங்கி வந்தாள். வாசலில் கோலம் போடும்போதுகூடப் புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணுவாள். என் ஜன்னலிலிருந்து அது தெரியும். ஜன்னலைச் சாத்தினாலும் தெரிந்தது.

கடைசியில் போய்ச் சொன்னேன். வோல்டேஜையும் வேகத்தையும் பழைய அளவுக்கே திருப்பினேன். முதலாளியிடமும் அவள் முன்னால் ஒப்புக்கொண்டேன். வேலை திரும்பக் கிடைத்தது. அவள் திட்டவில்லை. "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஒவ்வொரு டிசைனையும் தாளில் அச்செடுத்து என்னிடம் கொண்டு வருகிறாள். இருவரும் வரிசை வரிசையாக எண்ணுகிறோம். இதுவரை ஒரு புள்ளி தவறவில்லை. சரியாக இருக்கிறதம்மா என்பேன். அவள் தாளைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள்.

"நெஜமாத்தானே சார்?"

மறுபடி முதல் வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.