உறை போட்ட கைக்குத்தான் மார்க்

இன்று காலை லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். களைக்கொல்லி அடிப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரில் பாதுகாப்புப் பாடம். சீடியைப் போட்டு, மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை.

முதல் கேள்வி: "மருந்து அடிக்கும்போது உங்கள் கை எப்படி இருக்கும்?" திரையில் இரண்டு படங்கள். ஒன்று வெறுங்கை, மற்றது ரப்பர் உறை போட்ட கை.

பத்து வருஷமாக மருந்தடிக்கும் மருதை அண்ணன் வெறுங்கையை அமுக்கினார். சிவப்பு எழுத்தில் "தவறு" என்று வந்தது.

"தப்புங்குதுங்களே சேர். நாங்க இப்படித்தானே அடிக்கிறோம்?"

அவருக்குப் பின்னால் வந்த எட்டுப் பேரும் அதையேதான் அமுக்கினார்கள்.

சரியான விடை இல்லாமல் பாடம் நகராது. "உறை போட்ட கையை அமுக்குங்கண்ணே" என்று மருதை அண்ணனிடம் சொன்னேன். அமுக்கினார். கம்ப்யூட்டர் "சபாஷ்" என்றது. மற்ற எட்டுப் பேருக்கும் அப்படியே.

"அப்ப உறை எப்பங்க தருவாங்க?" என்று கேட்டார் மருதை அண்ணன்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வாசலில் நின்றார். அவரைப் பார்த்தேன்.

"உறையெல்லாம் வராது தம்பி. எல்லாரும் பாஸ்தானே? பிரின்ட் எடுத்துக் குடுங்க, ஃபைல்ல போடணும்."

திரும்பி வரும் வழியில் மருதை அண்ணன் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். முழங்கை வரை நனைந்திருந்தது.

உண்மையைச் சொன்ன ஒன்பது பேரைத் திருத்திவிட்டு வந்திருக்கிறேன். இந்த வேலைக்குப் பயிற்றுநர் என்று பெயர். பொருத்தமான வேறு பெயர் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.